மூன்றாம் அடிக்குறிப்பு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே அடுத்த மேசைக்காரரோடு வாய்ச்சண்டை. திறந்த கலைக்களஞ்சியத்திலிருந்து ஒரு ஊரின் மக்கள்தொகையை எடுத்து அப்படியே குறிப்பில் போட்டிருந்தார். "சார், அதை யார் வேணும்னாலும் திருத்தலாம். நீங்க திருத்தலாம், நான் திருத்தலாம், உங்க வீட்டுக் கிளிகூடத் திருத்தலாம்" என்றேன். "எங்க வீட்ல கிளி இல்ல சார்" என்றார். இந்த மாதிரி ஆட்களோடுதான் ஆறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன்.

ஆற்றுப் போக்குவரத்து வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவன் செய்கிற வேலை இது: புகலிடத் தீர்ப்பாயத்தின் ஆய்வுப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, அடைக்கலம் கேட்டு வந்தவர்கள் சொல்லும் ஊர், சாலை, தேதி எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் உறுப்பினருக்கு அரைப்பக்கக் குறிப்பு எழுதித் தருவது. குறிப்பின் அடியில் என் பெயர்கூட வராது. 'ஆய்வுப் பிரிவு' என்று ஒரு முத்திரை.

மதியம் பிரிவுத் தலைவி வந்து நின்றாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். "மூணு மணிக்குள்ள ஒரு குறிப்பு வேணும் சார். உங்க ஆறுதான். சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்."

என் ஆறுதான். எல்லைக்கு அந்தப் பக்கம், நான் ஆய்வுக்காக ஏழு மாதம் தங்கிய அதே பட்டணம். விண்ணப்பதாரர் தையல் வேலை செய்யும் பெண். 2012 ஜூலையில் ஒரு பிற்பகல் கணவனும் அவளும் கைக்குழந்தையோடு பாலத்தில் நடந்து போகும்போது நடுப்பாலத்தில் சிப்பாய்கள் கணவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவனைக் காணவில்லை. பத்து வருடம் உறவினர் வீடுகளில் ஒளிந்திருந்துவிட்டு இங்கே வந்திருக்கிறாள். உறுப்பினரின் கேள்வி ஒன்றே ஒன்று: அந்தப் பாலம் எப்போது பயன்பாட்டுக்கு வந்தது?

2009இல் நான் பார்த்தபோது தண்ணீருக்குள் தூண்கள் மட்டும் நின்றன. அந்த நாட்டின் அரசிதழ்த் தொகுதிகள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அந்த நூலகத்துக்கு நான் போவதில்லை. வரலாற்றுத் துறைக்குத் தலைவனாக அந்தக் 'கைகுலுக்கி', என் பழைய அறைத்தோழன், அங்கே உட்கார்ந்திருக்கும்வரை போகவும் மாட்டேன். மணி இரண்டேகால்.

அதே கலைக்களஞ்சியத்தைத் திறந்தேன். ஒரே ஒரு தடவை. "பாலம் 2014 ஆகஸ்ட் 9 அன்று திறந்து வைக்கப்பட்டது, அதுவரை ஆற்றைக் கடக்கப் படகு மட்டுமே இருந்தது." பக்கத்தில் மூன்றாம் அடிக்குறிப்பு: அரசிதழ், பக்கம் 212. நல்ல, இறுக்கமான வாக்கியம். யாரோ படித்தவன் எழுதியிருக்கிறான் என்று தோன்றியது. குறிப்பில் ஏற்றினேன். ஆதாரம் என்ற இடத்தில் கலைக்களஞ்சியத்தின் பெயரைப் போடவில்லை. 'அரசிதழ், ப. 212' என்று மட்டும் போட்டேன். எல்லோரும் செய்வதுதான்.

மணி இரண்டு ஐம்பதுக்குக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

ஒன்றும் இல்லை. இவளுக்கு, என் மனைவிக்கு, பள்ளிக் கணக்குத் தேர்வுத் தாள் திருத்தல். வீட்டில் எல்லா நாற்காலியிலும் தாள் கட்டுகள். நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

மார்ச் 19, புதன்

தையல்காரி வழக்கில் தீர்ப்பு. விண்ணப்பம் நிராகரிப்பு.

பதினான்காம் பத்தியில் என் வாக்கியம். ஒரு சொல் மாறாமல். அதற்குக் கீழே உறுப்பினர் எழுதியிருக்கிறார்: "2012இல் இல்லாத பாலத்தில் விண்ணப்பதாரர் கணவரை இழந்திருக்க முடியாது. அவருடைய மற்றக் கூற்றுகளையும் இந்த அடிப்படையிலேயே மதிப்பிடுகிறேன்."

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் — இங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது — முதலில் வந்தது பெருமைதான். ஒன்பது வருடத்தில் என் எழுத்து அச்சில் வருவது இதுவே முதல் முறை. மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை படிக்கும்போதுதான் அந்தப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பது உறைத்தது.

மார்ச் 20, வியாழன்

அவளுடைய வக்கீல் கவுண்டருக்கு வந்தாள். சின்னப் பெண், தோளில் கிழியப்போகும் நிலையில் ஒரு பை. "சார், மேல்முறையீட்டுக்கு முப்பத்தொண்ணாம் தேதி கடைசி. அந்த அரசிதழ்ப் பக்கம் நகல் ஒண்ணு குடுத்தீங்கன்னா போதும். எங்கிட்ட எதுவுமே இல்ல சார், இந்த ஒரு பாயிண்ட்லதான் தூக்கிட்டாங்க."

"திங்கள்கிழமை வாங்கம்மா."

ஏன் திங்கள் என்றேன்? என்னிடம் நகல் இல்லை. இருந்ததே இல்லை.

மார்ச் 21, வெள்ளி

அடிக்குறிப்பில் இருந்த இணைப்பு செத்துப்போன இணைப்பு. அதைப் போட்டவரிடமே நகல் இருக்கலாம், கேட்டுப் பார்ப்போம் என்று அந்தக் கட்டுரையின் தொகுப்பு வரலாற்றைத் திறந்தேன். யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றும் அங்கே இருக்கும். அந்த வாக்கியத்தைச் சேர்த்தவர், ஒன்பது வருடத்துக்கு முன், ஒரு நவம்பர் மாதம்: பயனர் 'செப்பேடு'.

செப்பேடு நான்தான்.

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். நான்தான்.

மார்ச் 22, சனி

எழுதி வைக்கிறேன். எழுதினால் கொஞ்சம் தெளிகிறதா பார்ப்போம்.

அந்த வருடம் பல்கலைக்கழக வேலைக்கு நேர்காணல். எனக்கும் அவனுக்கும். விடுதியில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தவன், பார்ப்பவர்கள் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே நடப்பான் என்பதால் கைகுலுக்கி என்று நானே பெயர் வைத்தேன். நேர்காணலுக்கு முந்தின நாள் என் அறைக்கு வந்து, என் குறிப்புகளை வாங்கிப் படித்து, "பிரமாதம்டா" என்று சொல்லிவிட்டுப் போனான். வேலை அவனுக்கு.

அதன் பிறகு மூன்று வருடம் எனக்கு வேலை இல்லை. இவள் பள்ளிக்குப் போனதும் கணினி முன்னால் உட்காருவேன். கலைக்களஞ்சியத்தில் நாலாயிரத்துச் சொச்சம் திருத்தம். அதனால்தான் இந்த ஒன்று நினைவில் இல்லை. நாலாயிரத்தில் ஒன்று.

இல்லை. நினைவில் இல்லை என்பது சரி, ஆனால் தற்செயல் இல்லை. அப்போது என் வேலையே கைகுலுக்கியின் நாளிதழ்க் கட்டுரைகளை ஆதாரமாகக் காட்டும் வரிகளைத் தேடித் தேடி நீக்குவதுதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். அந்தப் பாலத்தின் கட்டுரையில் இருந்த பழைய வரி: "2012 தொடக்கத்திலிருந்தே பொதுமக்கள் பாலத்தில் நடந்து செல்லத் தொடங்கினர்." ஆதாரம்: அவன் கட்டுரை. தூக்கினேன். அரசிதழைப் பார்த்து — ஆம், அன்றைக்கு அது இணையத்தில் இருந்தது, 212ஆம் பக்கத்தை என் கண்ணால் பார்த்தேன் — திறப்பு விழாத் தேதியைப் போட்டேன்.

ஆனால் அரசிதழில் இருந்தது முதல் பாதி மட்டும்தான். இன்ன தேதியில் அமைச்சர் வந்து திறந்து வைத்தார் என்று. "அதுவரை படகு மட்டுமே இருந்தது" என்ற பின்பாதியை யார் சொன்னது? நான் சொன்னேன். என் ஆய்வேடு படகைப் பற்றியது, எனக்குத் தெரியாதா என்ற திமிரில் சொன்னேன். காற்புள்ளி ஒன்று வைத்து ஒட்டி, மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே அடிக்குறிப்பை மாட்டிவிட்டேன். படிக்கிறவனுக்கு இரண்டு பாதியும் அரசிதழ் சொன்னதாகவே தெரியும். எனக்கே அப்படித்தானே தெரிந்தது.

கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், பயனர்கள் விவாதிக்கும் இடத்தில், ஒருவர் எதிர்த்திருக்கிறார். பெயர் 'பாதசாரி'. "விழாவுக்கு இரண்டு வருடம் முன்பே பாலத்தில் நடந்தோம். அமைச்சர் தேதி கொடுக்காததால் விழா தள்ளிப்போனது. என் அம்மா தினமும் அதில் நடந்துதான் சந்தைக்குப் போனார்."

நான் எழுதிய பதில்: "உங்கள் அம்மா ஆதாரம் ஆக மாட்டார். வெளியான ஆவணம் இருந்தால் காட்டுங்கள்."

ஆறு முறை அவர் மாற்றினார். ஆறு முறையும் நான் பழையபடி ஆக்கினேன். ஏழாவது முறை அவர் வரவில்லை. விதிப்படி ஜெயித்தது நான்.

மார்ச் 23, ஞாயிறு

ஒருவேளை நான் எழுதியதே சரியாக இருந்தால்? நாளெல்லாம் இதையே மென்றுகொண்டிருந்தேன். பாதசாரி பொய் சொல்லியிருக்கலாம். கைகுலுக்கி வழக்கம் போல யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கலாம். அந்தத் தையல்காரியும்...

நான் கடைசியாக அந்த ஆற்றைப் பார்த்தது 2009. அதற்குப் பின்னால் படகு ஓடியதா, பாலத்தில் ஆள் நடந்ததா, எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

மார்ச் 24, திங்கள்

வக்கீல் போன் செய்தாள். இன்னும் இரண்டு நாள் என்றேன். "சார், இன்னும் ஏழு நாள்தான் இருக்கு" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

மத்தியானம் ஒரு கோழைத்தனம் செய்தேன். செப்பேடாக உள்ளே போனேன். கடவுச்சொல்லை விரல் மறக்கவில்லை. நேர்காணல் நடந்த தேதி. பின்பாதியை நீக்கினேன். பக்கம் மாறிவிட்டால் வக்கீலே அதைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள், என் பெயர் எங்கும் வராது என்று கணக்கு.

பதினோரு நிமிடம். யாரோ ஒரு புண்ணியவான் பழையபடி ஆக்கிவிட்டான். காரணம்: "ஆதாரம் இன்றி நீக்கம். பேச்சுப் பக்கத்தில் முன்பே முடிவான விஷயம்." கீழே எனக்கு ஒரு தனிச்செய்தி: "செப்பேடு ஐயா, இத்தனை வருடம் கழித்து நீங்களே உங்கள் நிலைக்கு எதிராகத் திருத்துவது ஆச்சரியமாக இருக்கிறது. உங்கள் கணக்கை யாராவது திருடிவிட்டார்களா?"

சிரிப்பு வந்தது. நான் சொன்னதை நானே மாற்ற முடியவில்லை. நான் அன்றைக்கு வைத்த விதி இன்றைக்கு வாசலில் நின்றுகொண்டு என்னையே அடையாள அட்டை கேட்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

அவளைப் பார்த்தேன்.

நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் கவுண்டருக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு ஒன்றுதான். வக்கீலோடு வந்திருந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். புடவைத் தலைப்பில் ஊசி ஒன்று குத்தியிருந்தது, கழற்ற மறந்திருப்பாள். வக்கீல் மனுவில் கையெழுத்துப் போடும் இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாலம் இல்லைன்னு சொல்றாங்களேம்மா. அப்ப எம் புருஷன் எங்கம்மா நின்னாரு? தண்ணி மேலயா?"

"அது ஏதோ புத்தகத்துல இருக்காம்க்கா. பார்த்துக்கலாம்."

"புத்தகம் எழுதினவரு வந்து நின்னாரா அங்க? கைப்பிடி போடாத பாலம்மா அது. பிள்ளை தவறி விழுந்துருமோன்னு நான் நடுவுலயே நடந்தேன். நடுவுல நடந்தா வண்டிக்காரன் திட்டுவானேன்னு அவரு சொன்னாரு. வண்டி இன்னும் விடலையேன்னு நான் சொன்னேன். அதான் நாங்க பேசினது. கடைசியா."

நான் கையில் இருந்த தாளை இயந்திரத்தில் வைத்துப் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். அடுத்த மேசைக்காரர் வந்து, "என்ன சார், அதே பக்கம் முப்பது காப்பி போயிருக்கு?" என்றார்.

கைப்பிடி போடாத பாலம். வண்டி விடாத பாலம். இதை ஒருத்தி உட்கார்ந்து கற்பனை செய்வாளா?

மார்ச் 26, புதன்

இவளிடம் சொல்லிவிட்டேன். தாள் திருத்துவதை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"கைகுலுக்கி புத்தகத்துல பாத்தீங்களா? அதுல பாலத்துக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கே."

"உனக்கெப்படித் தெரியும்?"

"படிச்சேன்."

"எப்ப?"

"வந்த புதுசுல. நூலகத்துல எடுத்துட்டு வந்து, நீங்க குளிக்கிறப்ப குளிக்கிறப்ப கொஞ்சம் கொஞ்சமா. நீங்க நல்லா நேரமெடுத்துக் குளிப்பீங்க, பதினஞ்சு நாள்ல முடிச்சிட்டேன்."

ஆறு வருடம்! ஆறு வருடமாக அந்தப் புத்தகத்தின் பெயர் இந்த வீட்டில் உச்சரிக்கப்படக் கூடாது என்று நான் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன், என் சோப்பு நுரைக்கு அந்தப் பக்கம் அது அத்தியாயம் அத்தியாயமாக ஓடியிருக்கிறது.

"நல்லாயிருந்துதா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நல்லாத்தான் இருந்துது. உங்களுது மாதிரி இறுக்கமா இல்ல. ஆனா ஆளுங்க வர்றாங்க அதுல."

சாப்பிடாமல் படுத்தேன்.

மார்ச் 27, வியாழன்

அரை நாள் விடுப்பு. பல்கலைக்கழக நூலகம். வாசல் காவலர் அடையாள அட்டை கேட்டபோது எல்லாப் பையையும் இரண்டு தடவை துழாவினேன்; என்ன குற்றம் செய்ய வந்தேன் என்று அவர் நினைத்திருப்பார்.

எட்டாவது அத்தியாயம். 188ஆம் பக்கத்தில் முழுப்பக்கப் படம். கைப்பிடி இல்லாத பாலம். கூடையோடு பெண்கள், ஒரு மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் கிழவர், நடுவில் ஒரு கயிறு கட்டி 'நடப்போர் மட்டும்' என்று பலகை. 2012 மே. கீழே குறிப்பு: நகராட்சிப் பொறியாளரின் தற்காலிக அனுமதி உத்தரவின்படி மார்ச் மாதம் முதல் பாதசாரிகள் அனுமதிக்கப்பட்டனர்.

எங்கள் அலுவலகத்திலிருந்து இந்த மேசைக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்தை நடக்க மனசு வராமல்...

புத்தகத்தில் என் ஆய்வேட்டையும் மூன்று இடத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறான். முழுப் பெயரோடு. அதில் ஒரு இடத்தில் என்னைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறான். (அந்த நிலையிலும் அதைக் குறித்துக்கொண்டேன். என்ன ஜென்மம் நான்.)

படம் போதாது. உத்தரவின் நகல் வேண்டும். அது அவனிடம்தான் இருக்கும்.

மார்ச் 28, வெள்ளி

அவன் அறை மாடியில். கதவைத் தட்டியதும், "டேய்! நீயாடா! வாடா, வாடா" என்று எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். முடி சுத்தமாகக் கொட்டிவிட்டது. எனக்கு இதில் மட்டும் கொஞ்சம் நிம்மதி.

பாலத்து உத்தரவைப் பற்றிக் கேட்டேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "இருக்குடா, ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கேன். அந்த ஒரு தாளுக்காக நகராட்சி ஆபீஸ்ல நாலு நாள் உட்கார்ந்தேன் தெரியுமா? கலைக்களஞ்சியத்துல ஒருத்தன் என் கட்டுரையெல்லாம் குப்பைன்னு தூக்கிப் போட்டான். செப்பேடுன்னு பேரு. யாரோ ரிட்டயர்டு ஆசாமின்னு நெனச்சேன். ஆனா அவன் கேட்டதுல ஒரு நியாயம் இருந்துது. ஆவணம் எங்கேன்னு கேட்டான். சரி, தேடிப் புடிச்சிடுவோம்னு கெளம்பிட்டேன். ஒரு வகையில அவனுக்குத்தான் நன்றி சொல்லணும்."

சிரித்தான். நானும் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். நகல் கிடைக்கும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

"அது நான்தான்."

"எது?"

"செப்பேடு."

அவன் சிரிப்பு நிற்பதை நான் பார்த்ததே இல்லை. விடுதியில் காய்ச்சலில் கிடந்தபோதுகூடச் சிரித்துக்கொண்டு கிடந்தவன். மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினான்.

"பாதசாரின்னு ஒரு பொண்ணு எனக்கு லெட்டர் போட்டுச்சு. 'சார், எங்கம்மாவ ஆதாரம் இல்லைன்னு சொல்லிட்டாங்க, நீங்களாவது வந்து பேசுங்க'ன்னு. நான் போகல. அதுக்கு என்ன பதில் எழுதுறதுன்னே தெரியல எனக்கு." பேப்பர் வெயிட்டைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டு, "சரி. நகல் சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடறேன். வேற ஏதாவது வேணுமா?"

"வேண்டாம்."

கிளம்பும்போது கை கொடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு வந்துவிட்டது. உத்தரவு, பொறியாளரின் கையெழுத்து, முத்திரை, எல்லாம் தெளிவாக. கூட ஒரு வரிகூட எழுதவில்லை.

மார்ச் 29, சனி

பிரிவுத் தலைவி வீட்டுக்கே போனேன். தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கிளிப்பை வாயில் கவ்வியபடியே கேட்டாள்.

"சார், புது ஆவணம் கெடச்சுதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருங்க. முடிஞ்சுது. எதுக்கு உங்க கதையெல்லாம்? யாரு கேட்டா?"

அதுதான் நானும் முதலில் நினைத்தது. ஆனால் நேற்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். அப்படி எழுதினால் என்ன ஆகும்? ஒரு பக்கம் நாட்டின் அரசிதழ், இன்னொரு பக்கம் ஒரு நகராட்சிப் பொறியாளரின் தாள். மேல்முறையீட்டு அமர்வு எதைப் பெரிது என்று எடுக்கும்? அரசிதழைத்தான். 'ஆதாரங்கள் முரண்படுகின்றன' என்று ஒரு வரி எழுதிவிட்டு அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முரண்பாடே இல்லை. அரசிதழ் அப்படிச் சொல்லவே இல்லை என்பதை யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடியவன் அந்தப் பொய்யை ஒட்ட வைத்தவன் மட்டும்தான்.

இதைச் சொன்னேன். கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"உங்க பேர்ல எழுதுவீங்களா? பிரிவு பேர்ல நான் விடமாட்டேன்."

"என் பேர்லதான்."

"அப்ப உங்க இஷ்டம் சார். நான் தடுத்தேன்னு இருக்க வேண்டாம். காப்பாத்தினேன்னும் இருக்க வேண்டாம்."

மார்ச் 30, ஞாயிறு

வாக்குமூலம் ஒன்பது தடவை எழுதினேன். முதல் எட்டிலும் கைகுலுக்கி இருந்தான். நேர்காணல் இருந்தது, வேலை இல்லாத மூன்று வருடம் இருந்தது, நான் ஏன் அப்படி ஆனேன் என்பது இருந்தது. இவள் எட்டாவதைப் படித்துவிட்டு, "இதுல அந்தப் பொண்ணு எங்கே?" என்று கேட்டாள்.

ஒன்பதாவது ஒரு பக்கம்தான். குறிப்பைக் கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்தேன். ஆதாரத்தைச் சரிபார்க்கவில்லை. அந்த வாக்கியத்தின் பின்பாதிக்கு எந்த ஆதாரமும் இல்லை. அதை அங்கே எழுதியவன் நானே. உத்தரவு இணைக்கப்பட்டுள்ளது.

மார்ச் 31, திங்கள்

பத்து மணிக்கு வக்கீலிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். இரண்டாவது பத்தியில் பையைக் கீழே வைத்தாள்.

"சார், இது உங்களுக்கு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. "சீல் வெச்ச நகல் இன்னொண்ணு வேணும் சார். பதினொண்ணுக்குள்ள தாக்கல் பண்ணணும்." ஓடினாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அவள் என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. அதுவரைக்கும் நல்லது.

ஏப்ரல் 3, வியாழன்

விளக்கம் கேட்டு நோட்டீஸ். பதினைந்து நாள் அவகாசம். அடுத்த மேசைக்காரர் கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்து, சாப்பிட்டு முடித்து, எழுந்து போகும்போது, "அந்தக் கிளி நீங்கதானா சார்?" என்றார்.



ஏப்ரல் 17, வியாழன்

ஆய்வுப் பிரிவிலிருந்து தரைத்தளப் பதிவறைக்கு மாற்றம். இனி குறிப்பு எழுதும் வேலை இல்லை. கோப்புக்கு எண் போடுவது, கேட்பவர்களுக்கு உத்தரவு நகல் கொடுப்பது. ஜன்னல் இல்லை. விளக்குக் குழல் ஒன்று விட்டு விட்டு எரிகிறது. புகார்ப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்களாம், மாற்றுவார்களாம்.

மே 8, வியாழன்

இன்று மேல்முறையீட்டு விசாரணை. கேள்வி கேட்க என்னைக் கூப்பிடக்கூடும் என்று வக்கீல் சொல்லியிருந்தாள். காலையிலிருந்து சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தேன். கூப்பிடவில்லை. தாள் போதும் என்றுவிட்டார்கள் போல.

நல்லதா, கெட்டதா? தெரியவில்லை. நான்கு தடவை மாடிக்குப் போய்விட்டு ஒன்றும் கேட்காமல் இறங்கி வந்தேன்.

மே 22, வியாழன்

உத்தரவு இன்னும் வரவில்லை. திருப்பி அனுப்பினால் எந்த வழியாக அனுப்புவார்கள் என்று யோசித்தேன். எல்லைச் சாவடி, பிறகு நெடுஞ்சாலை. அந்தப் பட்டணத்துக்குள் போக இப்போது ஒரே வழி அந்தப் பாலம்தான்.

ஜூன் 11, புதன்

உத்தரவு வந்துவிட்டது. காலையில் வந்த கட்டில் ஏழாவது கோப்பு. எண் போட வேண்டியவன் நான்தான், அதனால் முதலில் படித்தவனும் நான்தான்.

முந்தைய தீர்ப்பு ரத்து. விண்ணப்பதாரரின் கூற்று நம்பத்தகுந்தது. புகலிடம் வழங்கப்படுகிறது.

ஒன்பதாம் பத்தியில் என் முழுப் பெயர், பட்டத்தோடு. "மேற்படி அலுவலரின் குறிப்பு நம்பத்தகாதது. அவருடைய பிற குறிப்புகளும் மறு ஆய்வு செய்யப்பட வேண்டும்." இந்த உத்தரவுகள் வெளியிடப்படும். இனி எவன் என் பெயரைத் தேடினாலும் இதுதான் முதலில் வரும். இதற்கு அடிக்குறிப்பு சரியாக இருக்கிறது. என் ஆறு வருடக் குறிப்புகளில் இன்னும் எத்தனை இப்படிக் கிடக்கின்றனவோ.

பதினொரு மணிக்கு அவளே வந்தாள். வக்கீலுக்கு வேறு நீதிமன்றத்தில் வழக்காம், போனில் விஷயத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். கவுண்டரில் கையெழுத்துப் போட்டு நகலை வாங்கியவள் நகரவில்லை.

"சார், கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? ஆபீஸ் எழுத்து எனக்குப் பிடிபடாது."

படித்தேன். முதல் பத்தியிலிருந்து. ஒன்பதாவதைத் தாண்டிப் போகலாமா என்று ஒரு நொடி நாக்கு தயங்கியது. தாண்டவில்லை. என் பெயரை, பட்டத்தை, நம்பத்தகாதது என்பதை, எல்லாவற்றையும் படித்தேன்.

"யாரு சார் அந்த ஆளு?"

"நான்தாம்மா."

என்னையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கூடத் தலையை நீட்டிப் பார்த்தார்.

"நீங்க அங்க வந்ததில்லையா?"

"வந்திருக்கேன். பாலம் கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடி."

"ம்." தாளைத் தன் பக்கம் திருப்பினாள். "பாலம் இருந்துச்சுன்னு எந்த இடத்துல எழுதியிருக்கு?"

காட்டினேன். பதினோராம் பத்தி, மூன்றாவது வரி. அந்த வரியின் மேல் விரலை வைத்து ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்தினாள். தையல் பிரியாமல் இருக்கிறதா என்று பார்ப்பது போல.

"இன்னொரு காப்பி கெடைக்குமா சார்? எங்க மாமியாருக்கு அனுப்பணும். 'எம் புள்ளைய எங்கேயோ விட்டுட்டு வந்து பாலத்துல வெச்சுப் புடிச்சாங்கன்னு கதை சொல்றியா'ன்னு பதிமூணு வருஷமா கேக்குறாங்க. அவங்க அந்தப் பக்கம் வந்ததே இல்ல, பாலம் இருந்துதான்னு அவங்களுக்குத் தெரியாது. யாரையோ கேட்டாங்களாம். எதுலயோ பாத்துட்டு இல்லைன்னு சொன்னாங்களாம்."

இரண்டு நகல் எடுத்தேன். முத்திரை சரியாக விழவில்லை என்று ஒன்றைக் கிழித்துப் போட்டு மறுபடி எடுத்தேன். உறையில் விலாசத்தை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதி முடித்ததும் அவளிடம் காட்டி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, சரிதானா என்று கேட்டேன்.